ஜின்னில் ஊறிய தேயிலை

எங்கள் சமையலறை அலமாரியில், அரிசி டின்னுக்குப் பின்னால் இரண்டு ஜின் பாட்டில்கள் இருந்தன என்று சொன்னால் என் உறவுக்காரர்கள் ஒருவரும் நம்பமாட்டார்கள். நாங்கள் சைவம். விரத நாட்களில் வெங்காயம்கூட நறுக்காத வீடு. ஆனால் அந்தப் பாட்டில்களைக் குடித்தது என் கணவரும் நானும்தான். அதைப் பற்றியும், அந்த நாட்களில் நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றியும் எழுதவேண்டும் என்று வெகுகாலமாக நினைத்திருந்தேன். அவர் இருந்தவரையில் எழுத முடியவில்லை.

அவருக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு தேயிலைக் கம்பெனியில் வேலை. காலையில் மயிலாப்பூர்க் குளத்தருகே டிராம் ஏறிப் போவார். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்வார். அவர் வருவதற்கு முன்னால் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, இலையை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்து மூடியைத் திறப்பது இவர் பொறுப்பு. துரை ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் அப்படிப் பக்கத்தில் நின்றதில் இவர் நாக்கும் தேறிவிட்டது. வீட்டில் நான் காப்பிப் பொடியில் கொஞ்சம் பழைய பொடியைக் கலந்துவிட்டால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்தபோது அந்தத் துரைக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலாயிற்று. அடையாற்றங்கரையில் இருந்த பங்களாவைக் காலி செய்ய இவரும் உதவிக்குப் போனார். சாயங்காலம் கித்தான் பையோடு திரும்பி வந்தார். பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பாட்டில்கள்.

"என்னங்க இது?"

"ஜின்."

"சாராயமா? நம்ம வீட்டுக்கா?"

"துரை கொடுத்தார். நம்ம பாப்பா விஷயம் அவருக்கு இன்னிக்குத்தான் தெரியுமாம். அப்புறம் உள்ளே போய் இதை எடுத்துட்டு வந்து கையில வெச்சார். வேணாம்னு சொல்ல வாய் வரல."

பாப்பா விஷயம் இதுதான். அதற்கு முந்திய வருஷம் கோடையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே கலைந்து ஓடியது. கடற்கரை மணலில் பள்ளம் வெட்டினார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலியையெல்லாம் சுட்டுவிட்டார்கள், கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமாம் என்று ஒருநாள் கேள்விப்பட்டு வந்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

"நீயும் பாப்பாவும் வந்தவாசிப் பக்கம் சித்தப்பா ஊருக்குப் போயிடுங்க."

"நீங்க?"

"நான் எப்படி வர்றது? ஆபீஸ் இருக்கே."

"அப்போ நாங்களும் இங்கியே இருக்கோம். விழுந்தா மூணு பேர் மேலயும் விழட்டும்."

"பைத்தியம் மாதிரி பேசாத. பாப்பாவை நெனச்சுப் பாரு."

நான்கு நாள் பிடிவாதம் பிடித்தேன். ஐந்தாம் நாள் டிக்கெட்டோடு வந்து நின்றார். எழும்பூர் ஸ்டேஷனில் வாசல் வழியாக ஏற முடியாத கூட்டம். குழந்தையை ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தார். அவளுக்கு மூன்று வயது. திருவிழாவுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்தாள்.

ஊருக்குப் போய் ஐம்பது நாள் இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருந்தது. மூன்றாம் நாள் உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. டாக்டர் வந்தவாசியில் இருந்தார், பன்னிரண்டு மைல். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் நின்றுபோயிருந்தது. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டோம். வந்தவாசி எட்டுவதற்கு இரண்டு மைல் முன்னால் அவள் போய்விட்டாள். வண்டியைத் திருப்பினோம். அன்று பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரையில் புதைத்துவிட்டார்கள்.

தந்தி அவருக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. மூன்றாம் நாள் வந்தார். அவருக்குக் காட்டுவதற்கு எங்களிடம் ஈரம் காயாத ஒரு மண்மேடு மட்டுமே இருந்தது. அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அழவில்லை. எப்படி நடந்தது என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து இருவரும் பட்டணத்துக்குத் திரும்பினோம். சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் மாடியில்தான் எங்கள் குடித்தனம். கீழே வீட்டுக்காரர் குடும்பம் ஊரைவிட்டுப் போனது இன்னும் வரவில்லை. தெருவில் பால்காரர் வழக்கம்போல் வந்தார். மாடவீதியில் கடைகள் திறந்திருந்தன. அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக் கூரைமேல் ஒரு காக்காய் எச்சத்தைத் தவிர வேறு எதுவும் விழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. சோறு போட்டேன், வேட்டி துவைத்தேன், குடையை எடுத்துக் கொடுத்தேன். சாப்பாடு ஆச்சா, தண்ணி வந்துதா, எண்ணெய் தீர்ந்துபோச்சு என்பதற்கு மேல் ஒரு வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்குள்தான் இரண்டு ஜின் பாட்டில்களும் வந்து சேர்ந்தன.

ஒரு சனிக்கிழமை. அரைநாள் ஆபீஸ். சாப்பிட்டு முடித்ததும் சமையலறைக்கு வந்து நின்றார்.

"ஒரு ஜாடி கொடேன். தேயிலையை அந்த ஜின்னுல ஊறவெச்சுக் குடிக்கலாம்னு துரை சொன்னார், பண்ணிப் பார்க்கிறேன்."

நான் உப்பு ஜாடியைக் கழுவிக் கொடுத்தேன். கம்பெனியில் ருசி பார்த்தது போக மிஞ்சிய நீலகிரித் தேயிலையைச் சின்னப் பொட்டலமாகக் கொண்டு வந்திருந்தார். இரண்டு கரண்டி இலையை ஜாடியில் போட்டு, பாட்டிலில் கால்வாசியை ஊற்றி மூடினார். ஊறுகாய்போல் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாள் மத்தியானம்தான் திறந்தார். கறுத்துப்போயிருந்தது. ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்கு ஓடினார்.

"கஷாயம் தோத்துப்போச்சு போ. நாக்கைப் பிடிச்சு உள்ளே இழுக்குது. பத்து வருஷமா கடிகாரத்தைப் பார்த்து டீ போட்டவன், வீட்டுல கடிகாரத்தை மறந்துட்டேன் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. எனக்குச் சிரிக்க வரவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை கடிகாரத்தை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டார். கால் மணிக்கு ஒருதரம் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "வாசனை வந்திருக்கு. நிறம் இன்னும் இறங்கல." பிறகு, "இன்னும் கொஞ்சம்." இரண்டு மணி நேரம் ஆனதும், "இதுதான். இதுக்கு மேல விட்டா துவர்ப்பு ஏறிடும்" என்றார். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். நான் பழக்கதோஷத்தில் துணியை முறுக்கப் போனேன். சட்டென்று கையைப் பிடித்தார்.

"பிழியாத. பிழிஞ்சா கசப்பெல்லாம் கீழே வந்துடும். அதுவா சொட்டட்டும்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு அது சொட்டி முடியும்வரை நின்றோம். தேன் நிறத்தில் இறங்கியது. ரேஷனில் வந்த சர்க்கரை காப்பிக்கே பற்றாது. அதனால் பனங்கற்கண்டைப் பாகு காய்ச்சி வைத்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்து, பாகு விட்டு, அந்தத் தேயிலை ஜின்னை ஊற்றி, மேலே ஒரு கோலி சோடாவை உடைத்து நிரப்பினார். அன்று அவர் மட்டும் குடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினேன்.

"ஐஸ் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஐஸ் வாங்கி வருவது என் வேலையாயிற்று. தெருமுனையில் ஒருவர் தள்ளுவண்டியில் மரத்தூளுக்குள் பாளம் பாளமாக ஐஸ் வைத்து, கோணி போட்டு மூடி விற்பார். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, ஐஸை உடைத்துக்கொண்டே கேட்டார்:

"இன்னாம்மா, சனிக்கெழமை ஆனா கரீட்டா வந்து நிக்கிற? ஊட்ல யாருக்குனா ஜொரமா கீதா?"

நான் துண்டில் ஐஸைக் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மாடிப்படியில் பாதி ஏறினேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அந்த மாட்டு வண்டியில், கொளுத்துகிற வெயிலில், கூஜாத் தண்ணீரில் முந்தானையை நனைத்து நனைத்து அவள் நெற்றியில் போட்டேன். போட்ட மறுநிமிஷம் துணி சுடும். பன்னிரண்டு மைலுக்கு ஒரு துண்டு ஐஸ் கிடையாது. இங்கே குடிப்பதற்கு ஐஸ் வாங்கி வருகிறேன். துண்டிலிருந்து நீர் சொட்டி என் புடவை நனைந்து, படியெல்லாம் ஓடியது. எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. அவர் இறங்கி வந்தார்.

"என்ன ஆச்சு? விழுந்துட்டியா?"

"அங்க ஐஸ் கெடைக்கலீங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டார். துண்டில் மிச்சமிருந்த ஐஸைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். அது கரையும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அன்று நானும் குடித்தேன். முதல் வாயில் எலுமிச்சை. அப்புறம் புது மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அதுபோல ஒரு வாசனை. எல்லாம் இறங்கிய பிறகு கடைசியில் தேயிலை. தொண்டை சுட்டது. "எப்படி இருக்கு?" என்றார். "டீ மாதிரியும் இருக்கு, டீ இல்லாத மாதிரியும் இருக்கு" என்றேன். டம்ளர் பாதி காலியானபோது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அன்னிக்கு என்ன கவுன் போட்டிருந்தா?"

"மஞ்சள். நீங்க தியாகராய நகர்ல துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தீங்களே, அது."

தலையை ஆட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை இன்னொரு கேள்வி. கடைசியாக என்ன சாப்பிட்டாள்? கஞ்சி, இரண்டே கரண்டி. அதற்கடுத்த வாரம், யார் மடியில் தலை? என் மடியில். வலித்ததா அவளுக்கு? தெரியவில்லை, கண்ணை மூடியே இருந்தாள். ஒரு டம்ளர், ஒரு கேள்வி. மற்ற நாட்களில் அவர் வாயே திறக்கமாட்டார். தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் தெரிந்துகொள்கிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமைக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். ஜின்னுக்காக இல்லை. குழந்தையின் பேச்சை எடுக்க எனக்கு வேறு இடம் இல்லை. அவர் கேட்காததையும் சொன்னேன். சித்தப்பா வீட்டு ஆட்டுக்குட்டிக்குத் தன் பிஸ்கோத்தை ஊட்டிவிட்டு, அது காதைக் கடிக்க வந்ததும் என் பின்னால் ஒளிந்ததைச் சொன்னபோது இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு, அவர் என் உள்ளங்கையைத் தன் முகத்தின்மேல் வைத்துக்கொண்டார். முதல் பாட்டில் முடிந்து இரண்டாவதும் முக்கால்வாசி ஆகியிருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட எனக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டுக்காரர்கள் ஊரிலிருந்து திரும்பினார்கள். மூன்று குழந்தைகள். மூன்றும் சதை போட்டு, வெயிலில் கறுத்து, முற்றமெல்லாம் ஓடின. வீட்டுக்கார அம்மாளுக்கு எங்கள் விஷயம் தெரியாது. என் கணவர் ஆபீசிலிருந்து வந்து படியேறும்போது அவரிடமே சொன்னாள்:

"நல்ல வேளைங்க, பட்டணத்தை விட்டுப் போனோம். நல்ல காத்து, நல்ல பாலு. புள்ளைங்க எப்படித் தேறிட்டாங்க பாருங்க."

அன்று சனிக்கிழமை. அவர் மேலே வந்து, ஜாடியில் இலையை ஊறவைத்து, நேரம் ஆனதும் வடிகட்டி, இரண்டு டம்ளரிலும் ஊற்றினார். கீழே குழந்தைகளின் சத்தம் ஓயவில்லை.

"அவங்களுக்கு ஒத்துக்கிச்சு பாரு" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். இப்போது யோசித்தால் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளச் சொன்னதாகப் படுகிறது. ஆனால் அன்றைக்கு அது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. 'நான் அனுப்பினதில் தப்பு இல்லை' என்று சொல்வதுபோல் விழுந்தது. ஒரு வருஷமாக எங்கேயோ அடியில் கிடந்த கோபம் ஒரே மூச்சில் மேலே வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்:

"என்னைக் கேட்டாளா?"

"இல்ல" என்றேன்.

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல. அவளுக்கு உங்க நெனப்பே இல்ல."

அது பொய். வண்டி புறப்பட்டதிலிருந்து அவள் அப்பாவைத்தான் கேட்டாள். "அப்பா எங்க? அப்பாவை வரச் சொல்லு." நான் "இதோ வந்துடுவார்" என்பேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். மறுபடியும் "அப்பா." கண் திறக்காமலே கேட்டாள். எதிரே யாராவது சைக்கிளில் வந்தால் மணிச் சத்தத்துக்கு, அப்பாதான் என்று தலையைத் தூக்கப் பார்த்தாள். குரல் தேய்ந்து, சொல் தேய்ந்து, வெறும் உதடு மட்டும் அசைந்தது. அந்த உதட்டில் இருந்ததும் அந்த ஒரு சொல்தான். என்னை அவள் கேட்கவே இல்லை. நான்தான் பக்கத்திலேயே இருந்தேனே.

அவருக்கு வலிக்கக்கூடாது என்று நான் மறைக்கவில்லை. அவருக்கு மிஞ்சியிருந்த அந்த ஒன்றையும் கொடுக்கக்கூடாது என்றுதான் மறைத்தேன். ஜன்னல் வழியாக என் கையில் அவளைத் திணித்துவிட்டு அவர் பட்டணத்தில் இருந்தார். கடைசிச் சொல் தன்னுடையது என்ற ஆறுதல் அவருக்கு எதற்கு என்று நினைத்தேன். அப்படி நினைத்தவள் நான்தான். வேறு யாருமில்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அதில் பாதிக்குமேல் இருந்தது. "சரி" என்றார். பிறகு இரண்டு டம்ளரையும் தானே கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார். அடுத்த சனிக்கிழமை ஜாடியை எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் எடுக்கவில்லை. மிச்சமிருந்த ஜின் அரிசி டின்னுக்குப் பின்னாலேயே கிடந்தது. கேள்விகளும் நின்றுவிட்டன.

சண்டை முடிந்தது. சுதந்திரம் வந்தது. தெருவே விளக்கேற்றிய அன்று நாங்களும் ஏற்றினோம். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. அவர் என்னிடம் முன்னைவிட அன்பாக இருந்தார். தலைவலி என்றால் தைலம் தேய்ப்பார், மல்லிகை வாங்கி வருவார். ஆனால் குழந்தையின் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார். நான் எடுத்தாலும் மெல்ல எழுந்து போய்விடுவார். என் சொல்தான் அவரை அறுத்துப்போட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்திருக்கிறது. 'அப்போ ஏன் பொய் சொன்னே?' என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது?

பிறகு பட்டணத்துக்கும் மதுவிலக்கு வந்தது. ஒருநாள் காலையில் அவராகவே அந்தப் பாட்டிலை எடுத்து வந்தார்.

"இது வீட்டுல இருக்கவேணாம். யாராவது பார்த்தா என் வேலைக்கு ஆபத்து. கொட்டிடலாம்."

இரண்டு பேரும் முற்றத்துச் சாக்கடை ஓரம் குனிந்து நின்றோம். அவர் பாட்டிலைச் சாய்த்தார். அந்த வாசனை மேலே வந்தது. என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"கேட்டாளுங்க. வழியெல்லாம் உங்களைத்தான் கேட்டா. நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்."

பாட்டில் முழுக்கக் காலியாகும்வரை அவர் கையை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"நான் அந்த ஊருக்கு வந்த அன்னிக்கு அதே வண்டிதான் என்னைக் கூட்டிட்டு வந்துச்சு. வண்டிக்காரர் சொல்லிட்டார். 'கொழந்த வழியெல்லாம் அப்பா அப்பான்னு கூவிக்கிட்டே வந்துச்சுங்க சாமி'ன்னு."

"தெரிஞ்சுமா என்னைக் கேட்டீங்க?"

"நீ சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் சின்னச் சின்னதா கேட்டுக்கிட்டு வந்தேன், தைரியம் வரட்டும்னு. ஆனா நீ இல்லன்னு சொன்னதும் எனக்குப் புரிஞ்சிடுச்சு. எனக்கு வலிக்கக்கூடாதுன்னு மறைக்கிறே. பெத்தவ நீ, உனக்கு இருந்த துக்கத்துல என்னை நெனச்சியே. அதுக்கு மேல உன்னைக் கிளறக்கூடாதுன்னுதான் அன்னியோட விட்டுட்டேன்."

ஐந்து வருஷம் அவர் வாய் திறக்காதது கோபத்தால் இல்லை. என்னிடம் இல்லாத ஒரு நல்ல குணத்தை மதித்து அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுத்தேன். "இல்லீங்க" என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அதற்குள் அவர் அழத் தொடங்கிவிட்டார். மண்மேட்டின் முன்னால் அழாதவர், முற்றத்தில் காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, கீழ்வீட்டில் கேட்கும் என்ற நினைப்பே இல்லாமல் அழுதார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அவரிடம் எதைச் சொல்வது? சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் குழந்தையைப் பற்றித் தாராளமாகப் பேசினார். அவள் இருந்தால் இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பு, எந்த வயதில் தாவணி என்று கணக்குச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பேசுவேன். வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் துக்கம் ஆறிவிட்டது என்றே தோன்றியிருக்கும்.

ஒருமுறை அவருடைய தங்கை சைதாப்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். புருஷனோடு ஏதோ மனக்கசப்பு. அவளைத் தேற்றுவதற்காக அவர் எங்கள் கதையைச் சொன்னார். ஜின்னை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னார். "இவ எனக்காகப் பொய் சொன்னா. தன் மனசுலயே அஞ்சு வருஷம் அந்தப் பாரத்தைச் சுமந்தா. பொண்டாட்டின்னா அப்படி" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அவர் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.